கழிப்பறை கட்டினால் குழந்தை வளருமா? ஆப்பிரிக்க ஆய்வுகள் சொன்ன எதிர்பாராத பதில்

வீட்டுக்கு ஒரு கழிப்பறை, கை கழுவ சோப்பு, குளோரின் கலந்த தண்ணீர். இந்த மூன்றும் இருந்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு குறையுமா? யாரைக் கேட்டாலும் “இதுல என்னங்க சந்தேகம்?” என்றுதான் சொல்வார்கள். உலக சுகாதார அமைப்பு முதல் உள்ளூர் தொண்டு நிறுவனம் வரை எல்லோரும் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததும் அதுதான்.

இதைச் சரியாக அளந்து பார்த்துவிடலாம் என்று கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் இரண்டு பெரிய ஆய்வுகள் தொடங்கின. இரண்டிலும் சேர்த்து 13,500-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் பங்கேற்றார்கள். குழந்தை பிறக்கும் முன்பே வீட்டைச் சீர்செய்து, பிறந்தபின் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள்வரை பின்தொடர்ந்தார்கள். 2018-லும் 2019-லும் முடிவுகள் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளிவந்தபோது பொதுச் சுகாதாரத் துறையே கொஞ்சம் ஆடிப்போனது.

வயிற்றுப்போக்கு குறையவில்லை. சுகாதார வசதிகளால் குழந்தைகளின் உயரமும் கூடவில்லை.

அப்படின்னா கழிப்பறை வேஸ்ட்டா? இல்லை. ஆனால் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு நகர முடியாத அளவுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

எல்லாம் எங்கே தொடங்கியது?

ஜீன் ஹம்ஃப்ரி என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர் 2009-ல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஜிம்பாப்வேயில் நீண்டகாலம் பணியாற்றியவர் அவர். அவரை உறுத்திய கேள்வி இது: ஏழை நாடுகளில் குழந்தைகளுக்கு நல்ல சாப்பாடு கொடுத்தாலும், வயதுக்கேற்ற உயரம் முழுமையாக வருவதில்லையே, ஏன்?

அவர் முன்வைத்த ஊகம், கோளாறு குடலில் இருக்கிறது என்பது. நம் சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் இருக்கும். உணவின் சத்தை உடம்புக்குள் இழுப்பது அவைதான். கைக்குழந்தை நாள்தோறும் மலக்கிருமிகளை விழுங்கிக்கொண்டே இருந்தால், பெரிய நோய் எதுவும் வெளியே தெரியாமலே இந்த உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. குடல்சுவர் கசியத் தொடங்குகிறது. உடம்பு எந்நேரமும் எதிர்ப்புச் சண்டையிலேயே சக்தியைச் செலவழிக்கிறது. அப்புறம் உயரம் எங்கிருந்து வரும்? வயிற்றுப்போக்கைவிட வெளியே தெரியாத இந்தக் குடல் பாதிப்புதான் வளர்ச்சியைத் தடுக்கிறது, கழிப்பறையும் கை கழுவுதலும் அதைத் தடுக்கும் என்பது அவரது வாதம்.

ஊகம் கவர்ச்சியானது, தர்க்கமும் சரியாக இருந்தது. ஆனால் கிராமத்தில் இறங்கி நிரூபிக்க வேண்டும் அல்லவா?

ஜிம்பாப்வே: கோழியும் குழந்தையும் ஒரே முற்றத்தில்

ஆய்வுக்கு முன்னோட்டமாக ஜிம்பாப்வே கிராமங்களில் ஒரு எளிய வேலையைச் செய்தார்கள். தவழும் வயதுக் குழந்தைகளின் அருகில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, அவர்கள் வாயில் என்னென்ன போகிறது என்று குறித்துக்கொண்டார்கள். தாயின் விரல், கரண்டி, பொம்மை எல்லாம் எதிர்பார்த்தவைதான். மண்ணையும் கோழி எச்சத்தையும்கூடச் சில குழந்தைகள் எடுத்து வாயில் போட்டார்கள். குடிநீரில் இருந்ததைவிட முற்றத்து மண்ணிலும் கோழி எச்சத்திலும் கிருமிகள் மிக அதிகம்.

பாடப்புத்தக வரைபடங்களில் விரல், ஈ, நீர், வயல், உணவு என ஐந்து வழிகளில் மலக்கிருமி வாய்க்குப் போகும் என்று இருக்கும். தவழும் குழந்தையோ இடைத்தரகர் யாரும் இல்லாமல் நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது. இதைப் பார்த்த பிறகுதான் ஆய்வில் இன்னொரு பொருளையும் சேர்த்தார்கள்: குழந்தை விளையாட ஒரு பாயும், சுற்றி ஒரு தடுப்பும்.

ஆய்வின் பெயர் ஷைன். நாட்டின் நடுப்பகுதியில் உள்ள சிருமான்சு, ஷுருக்வி என்ற இரு மாவட்டங்களில், 2012 முதல் 2015 வரை 5,280 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டார்கள். எந்தப் பகுதிக்கு எந்த உதவி என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஒரு பகுதிக்குச் சுகாதார வசதிகள் மட்டும், இன்னொன்றுக்கு ஊட்டச்சத்து மட்டும், மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு வழக்கமான கிராமச் சுகாதார சேவை மட்டும்.

சுகாதார வசதி என்றால் சும்மா ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகவில்லை. வீட்டுக்கு ஒரு ‘பிளேர்’ கழிப்பறை கட்டிக்கொடுத்தார்கள். இது ஜிம்பாப்வே நாட்டுக்கே உரிய கண்டுபிடிப்பு. 1970-களில் பீட்டர் மோர்கன் என்பவர் அங்குள்ள பிளேர் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது. உள்ளே இருட்டாக இருக்கும். குழியிலிருந்து ஒரு உயரமான குழாய் மேலே போகும், அதன் வாயில் வலை. மேலே காற்று வீசும்போது குழியின் நாற்றத்தைக் குழாய் உறிஞ்சி வெளியேற்றிவிடும். குழிக்குள் இருக்கும் ஈக்கள் வெளிச்சத்தை நோக்கிக் குழாயில் பறந்து, வலையில் மாட்டிச் சாகும். மின்சாரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மோர்கனுக்கு 2013-ல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருது கிடைத்தது.

இதோடு கை கழுவ இரண்டு இடங்கள், சோப்பு, குடிநீருக்குக் குளோரின், அந்த விளையாட்டுப் பாய், தொடர்ந்து வந்து சொல்லிக்கொடுக்கும் கிராம சுகாதாரப் பணியாளர். ஊட்டச்சத்துப் பிரிவில், 6 மாதம் முதல் 18 மாதம் வரை குழந்தைக்குத் தினமும் 20 கிராம் சத்துப்பசை, கூடவே துணை உணவு ஊட்டும் முறை பற்றிய ஆலோசனை.

முடிவு? எச்.ஐ.வி. தொற்றில்லாத தாய்மார்களின் குழந்தைகளில், 18 மாதத்தில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், சத்துப்பசை பெறாத குழுக்களில் 35 சதவீதம், பெற்ற குழுக்களில் 27 சதவீதம். சத்துப்பசை வேலை செய்தது. கழிப்பறையும் சோப்பும் குளோரினும் பாயும் சேர்ந்த தொகுப்பால் உயரத்தில் மாற்றமே இல்லை, வயிற்றுப்போக்கிலும் இல்லை.

அந்தக் கழிப்பறைகளை மக்கள் பயன்படுத்தவே இல்லை போலிருக்கிறது என்று நினைக்கலாம். இல்லை, நன்றாகவே பயன்படுத்தினார்கள். அதனால்தான் முடிவு இன்னும் சங்கடமாக இருந்தது.

கென்யா: 8,246 கர்ப்பிணிகள், அதே பதில்

மேற்கு கென்யாவின் புங்கோமா, காக்கமேகா, விஹிகா பகுதிகளில் நடந்த ஆய்வின் பெயர் ‘வாஷ் பெனிஃபிட்ஸ்’. இதன் இரட்டை வங்கதேசத்தில் நடந்தது. கென்யாவில் 8 குழுக்கள். தண்ணீர் மட்டும், கழிப்பறை மட்டும், கை கழுவுதல் மட்டும், மூன்றும் சேர்த்து, ஊட்டச்சத்து மட்டும், எல்லாம் சேர்த்து, கூடவே ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு குழுக்கள்.

ஒப்பீட்டுக்கு எதற்கு இரண்டு? ஒரு குழுவுக்கு மாதாமாதம் ஊக்குவிப்பாளர் போய்க் குழந்தையின் மேல்கைச் சுற்றளவை மட்டும் அளந்துவிட்டு வருவார். இன்னொரு குழுவுக்கு யாருமே போகமாட்டார்கள். ஆள் வந்து பேசுவதாலேயே ஏதாவது மாறுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. என்னைக் கேட்டால், இந்த ஆய்வின் மிக நேர்மையான பகுதி இதுதான்.

தண்ணீருக்கு, ஊற்றுக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் குளோரின் டிஸ்பென்சர் வைத்தார்கள். கம்பத்தில் பொருத்திய ஒரு நீல டப்பா. திருகினால் அளவான 3 மில்லி குளோரின் விழும். 20 லிட்டர் ஜெர்ரி கேனில் முதலில் அதை விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்க வேண்டும், வீடு போய்ச் சேர்வதற்குள் கலந்துவிடும். கழிப்பறைக்கு, ஏற்கெனவே இருந்த குழியின்மேல் மூடியுள்ள பிளாஸ்டிக் சிலாப். குழந்தையின் மலத்தையும் ஆடுமாடுகளின் சாணத்தையும் அள்ள ஒரு கரண்டி.

இங்கும் எந்தச் சுகாதாரக் குழுவிலும் வயிற்றுப்போக்கு குறையவில்லை. ஊட்டச்சத்து கிடைத்த குழந்தைகள் மட்டும் சற்றே உயரமாக வளர்ந்தார்கள்.

வங்கதேசத்தில் கதை வேறு. அங்கே தண்ணீர் மட்டும் பெற்ற குழுவைத் தவிர மற்ற எல்லாக் குழுக்களிலும் வயிற்றுப்போக்கு குறைந்தது. அப்போ கென்யாவுல மட்டும் ஏன் இப்படி? பல காரணங்கள் பேசப்பட்டன. வங்கதேசத்தில் ஊக்குவிப்பாளர் மாதத்துக்குச் சராசரியாக 6 முறை வீடு தேடிப் போனார், கென்யாவில் மாதம் ஒரு முறைதான் திட்டம். கென்யாவில் குளோரின் கலந்த தண்ணீர், முதல் ஆண்டிலேயே பாதிக்கும் குறைவான வீடுகளில்தான் இருந்தது. சோப்பும் தண்ணீரும் தயாராக இருந்த கை கழுவும் இடங்கள் இரண்டாம் ஆண்டில் மளமளவென்று குறைந்துபோயின.

நோயின் அளவும் வேறு. கடந்த 7 நாளில் வயிற்றுப்போக்கு இருந்ததாகத் தாய்மார்கள் சொன்னது, ஒப்பீட்டுக் குழுவில் கென்யாவில் சுமார் 27 சதவீதம், வங்கதேசத்தில் 5.7 சதவீதம்தான். சுற்றிலும் கிருமி அவ்வளவு நிறைந்திருக்கும் இடத்தில் ஒரு சிலாப்பும் ஒரு சோப்பும் எந்த மூலைக்கு?

ஆனாலும் கென்யாவில் ஒன்று குறைந்தது: உருளைப்புழுத் தொற்று. மூன்று வசதிகளும் சேர்ந்து கிடைத்த குழந்தைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிரதானக் கேள்விக்கான பதில் இல்லை என்பதால் இது பெரிதாகப் பேசப்படவில்லை.

கழிப்பறை வந்தபின் கை அழுக்கானது எப்படி?

இதற்கெல்லாம் முன்பே கென்யாவின் நியான்சா பகுதிப் பள்ளிகளில் ஒரு ஆய்வு நடந்தது. சில பள்ளிகளுக்குச் சுகாதாரப் பாடத்தோடு புதிய கழிப்பறைகளும் கட்டிக்கொடுத்து, மாணவர்களின் கைகளில் ஈ கோலை கிருமி இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள். கழிப்பறை வந்த பள்ளிகளில் மாணவிகளின் கைகளில் கிருமி குறையவில்லை, கூடியிருந்தது!

யோசித்துப் பாருங்கள். கழிப்பறை நன்றாக இருந்தால் பிள்ளைகள் அதிகமாகப் போவார்கள். போனபின் சுத்தம் செய்துகொள்ளத் தாளோ தண்ணீரோ இல்லை, கை கழுவ சோப்பு சில நாள் இருக்கும், பல நாள் இருக்காது. முன்பு அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளை இப்போது பள்ளியிலேயே போகிறாள், கை கழுவாமல் வகுப்புக்கு வருகிறாள். கட்டடத்துக்குக் காசு ஒதுக்குவது சுலபம். மாதாமாதம் சோப்பு வாங்கும் பட்ஜெட்தான் எந்த நாட்டிலும் கிடைப்பதில்லை.

நகரத்தில் நிலைமை என்ன?

மொசாம்பிக் தலைநகர் மபுடோவின் நெரிசலான குடியிருப்புகளில், பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் குழிக் கழிப்பறைகளை மாற்றி, தண்ணீர் ஊற்றிப் பயன்படுத்தும், செப்டிக் டேங்குடன் கூடிய கழிப்பறைகளைக் கட்டினார்கள். 2021-ல் வெளியான முடிவின்படி, மொத்தத்தில் குழந்தைகளின் குடல் தொற்று குறையவில்லை. ஆனால் புதிய கழிப்பறை வந்தபிறகு அந்த வளாகத்தில் பிறந்த குழந்தைகளைத் தனியாகப் பார்த்தால், ஷிகெல்லா என்ற கிருமியின் தொற்று சுமார் பாதியாகக் குறைந்திருந்தது. சாட்டைப்புழுவும் குறைந்திருந்தது.

இது சின்ன விஷயம் இல்லை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும், நம் கொல்கத்தா உட்பட 7 இடங்களில் நடந்த பெரிய ஆய்வில், குழந்தைகளின் தீவிர வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணங்களாகத் தெரிந்த கிருமிகளில் ஒன்று ஷிகெல்லா.

கானாவின் அக்ராவில் வேறு விதமாகப் பார்த்தார்கள். எந்த வழியாக எவ்வளவு மலக்கிருமி குழந்தையின் வாய்க்குள் போகிறது என்று கணக்கிட்டார்கள். திறந்த சாக்கடைதான் முதலிடம் பிடிக்கும் என்று பார்த்தவுடனே தோன்றும். கணக்கில் முந்தியது உணவு. அங்கே கீரை, காய்கறிகளுக்குப் பல இடங்களில் கழிவுநீர்தான் பாய்கிறது. வீட்டில் எவ்வளவு நல்ல கழிப்பறை இருந்தாலும், சந்தையிலிருந்து வரும் கீரைக்கட்டில் ஊரார் கழிவு வீட்டுக்குள் வந்துவிடும்.

இந்தியாவுக்கு இதில் என்ன சம்பந்தம்?

ஆப்பிரிக்க முடிவுகள் வரும் முன்பே இதே அதிர்ச்சியை நாம் பார்த்திருக்கிறோம். ஒடிசாவில் 100 கிராமங்களில் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. திட்டம் நடந்த கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. வயிற்றுப்போக்கு, புழுத்தொற்று, குழந்தை வளர்ச்சி மூன்றிலும் மாற்றமில்லை. அப்போது ‘நம்ம ஆளுங்க கட்டுவாங்க, ஆனா போகமாட்டாங்க’ என்ற ஒரே விளக்கத்தில் எல்லோரும் திருப்தி அடைந்துவிட்டார்கள். ஜிம்பாப்வேயில் போனார்கள், பயன்படுத்தினார்கள், அப்படியும் பதில் அதேதான் என்றானபோது அந்த விளக்கம் மட்டும் போதவில்லை.

எதிர்த் திசையில் போன ஆய்வும் உண்டு. மாலி நாட்டில் 121 கிராமங்களில், இலவசமாக எதுவும் கொடுக்காமல், ஊரே கூடித் திறந்தவெளியில் போவதை நிறுத்த வைத்தார்கள். வங்கதேசத்தில் 2000 வாக்கில் கமல் கர் தொடங்கிய முறை இது. 2015-ல் வந்த முடிவில், வயிற்றுப்போக்கு குறையவில்லை, ஆனால் குழந்தைகளின் உயரம் கொஞ்சம் கூடியிருந்தது. ஒரு வீட்டை மட்டும் மாற்றுவதற்கும் ஊரையே மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இது என்கிறார்கள் சிலர். இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்படி ஆய்வு செய்வது நியாயமா?

குலுக்கலில் தோற்ற வீட்டுக்குக் கழிப்பறை இல்லை என்பது கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. ஷைன் ஆய்வில் கழிப்பறை கிடைக்காத வீடுகளுக்கு, ஆய்வு முடிந்ததும் கட்டிக்கொடுத்தார்கள்.

எல்லா ஆய்வுகளும் இந்த ரகம் இல்லை. நைரோபியின் கயோலே சொவேட்டோ பகுதியில், தண்ணீர்க் கட்டண பாக்கி வைத்த வீட்டு உரிமையாளர்களின் இணைப்பைத் துண்டித்தால் பணம் வசூலாகிறதா என்று குலுக்கல் முறையில் சோதித்த ஆய்வு 2020-ல் வெளியானது. உரிமையாளர் பாக்கி வைத்தால், தண்ணீர் இல்லாமல் கஷ்டப்படுவது வாடகைக்கு இருப்பவர். அந்த ஆகஸ்ட்டில் சமூக வலைதளங்களில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. ‘பாக்கிக்கு இணைப்பைத் துண்டிப்பது எப்படியும் நடப்பதுதானே’ என்ற வாதமும் வந்தது. குடியிருப்பவர்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

சரி, இப்போது என்ன செய்கிறார்கள்?

2019-ல் இத்துறை நிபுணர்கள் சேர்ந்து ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அதன் சாரம்: ஆய்வுகள் நன்றாக நடந்தவை, முடிவுகளை ஒதுக்க முடியாது. செலவு குறைந்த, வீட்டளவிலான வசதிகள் மட்டும் போட்டு உயரம் கூடும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. மக்கள் வாழும் சூழலையே மாற்றும் அளவுக்குப் பெரிய முதலீடு தேவை. குழாயில் வரும் பாதுகாப்பான தண்ணீர், கழிவை ஊரைவிட்டே அகற்றும் ஏற்பாடு, கால்நடைகளின் கழிவைக் கையாளுதல் எல்லாம் இதற்குள் வரும்.

கழிப்பறை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2008-09-ல் ஜிம்பாப்வேயில் தண்ணீர், கழிவுநீர் ஏற்பாடுகள் சீர்குலைந்தபோது காலராவால் சுமார் 98,000 பேர் பாதிக்கப்பட்டு, 4,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இருட்டும்வரை காத்திருக்க வேண்டிய பெண்ணுக்குக் கழிப்பறை எதற்கு என்பதற்கு லான்செட் கட்டுரை தேவையில்லை. உயரம் என்ற ஒரே அளவுகோலில் கழிப்பறையை நிறுத்தியதுதான் பிரச்சினை. அந்த அளவுகோலை முன்வைத்து நிதி கேட்டதும் இந்தத் துறைதான்.

இன்னொரு பக்கம், தோற்றதாகச் சொல்லப்பட்ட குளோரின் மறுபடி பேச்சில் வந்திருக்கிறது. தனித்தனி ஆய்வுகளில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு என்பதால், இறப்பு குறைந்ததா என்று எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாமல் இருந்தது. பொருளாதார நோபல் பெற்ற மைக்கேல் கிரமரும் சக ஆய்வாளர்களும், தண்ணீரைச் சுத்திகரித்த ஆய்வுகளின் இறப்புத் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு வாய்ப்பு சுமார் நான்கில் ஒரு பங்கு குறைவதாகக் கணக்கு வந்தது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு முறைகளில் நடந்த ஆய்வுகளை ஒரே தராசில் போடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனாலும் பணம் நகர்ந்துவிட்டது. எவிடென்ஸ் ஆக்‌ஷன் என்ற அமைப்பு கென்யா, உகாண்டா, மலாவி மூன்று நாடுகளிலும் அந்த நீல டப்பாக்களை நடத்திவந்தது. அதற்கு 2022-ல் கிவ்வெல் அமைப்பு 6.47 கோடி டாலர் வரை தரப் பரிந்துரைத்தது. டப்பா வைப்பதைவிட அது காலியாகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. அதற்காக ஒவ்வொரு தண்ணீர்த்துறைக்கும் ஊர்மக்களே ஒரு தன்னார்வலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குளோரின் தீரும்போது நிரப்புவதும், ‘இந்தத் தண்ணி மருந்து வாசம் அடிக்குது’ என்று முகம் சுளிக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதும் அவர் பொறுப்பு.